சுண்ணாம்புக் கோட்டின் மேல் இரண்டு டன்

சின்ன வண்டி தப்பிவிட்டது.

குழி இருந்த இடத்தின் மேலேயே ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்துவிட்டது. ஓட்டிய சாபிருக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஷோரூம் ஆள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோணைமுத்துவுக்குத்தான் வாயில் எச்சில் இல்லாமல் போயிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இறங்கினான்.

இறங்கி இரண்டடி வைக்கவில்லை, அண்ணாச்சி பெரிய வண்டியைக் காட்டினார்.

அண்ணாச்சி என்றால் ராஜபாண்டியன், தாயில்பட்டியில் இந்தப் பட்டாசு ஆலையின் முதலாளி. சோணைமுத்து அவரிடம் லோடு வண்டி ஓட்டுகிறவன். ஆலைக்குப் பின்னால் கிடக்கும் கரிசல் காட்டைக் குறுக்கே கடந்தால் புதுக் குடோனுக்குப் பத்தே நிமிடம். ரோட்டில் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். காட்டுக்குள் ஓட ஒரு பிக்கப் வேண்டும். லேசானதா, கனமானதா என்று அண்ணாச்சிக்கு முடிவாகவில்லை. அதனால் விருதுநகரிலிருந்து இரண்டையுமே வரவழைத்திருந்தார், அதுவும் ஆலையில் ஒரு ஈ காக்கை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து. வழி தவறாமல் இருக்க அவரே சுண்ணாம்புத் தூளால் காட்டில் கோடு போட்டு வைத்திருந்தார்.

கோடு நேராகக் குழியின் மேல் போனது.

குழியைத் தோண்டியவன் சோணைமுத்து. போன ஐப்பசியில், பேன்சி வெடிக்கு உருட்டி வீணாய்ப்போன மணிமருந்தைக் கொண்டுபோய்ப் பத்திரமாகக் கொளுத்திவிட்டு வரச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மகளுக்கு அன்று வளைகாப்பு. கூட வேலை செய்யும் பெத்தணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு எட்டு வாளி மருந்தையும் முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டு, கொளுத்தியாயிற்று என்று வந்து சொல்லிவிட்டான். மண்ணுக்குள் மருந்து செத்துப்போகும் என்றான் பெத்தணன். சாகாது என்று சோணைமுத்துவுக்குத் தெரியும். இருபது வருஷமாக மருந்து வாடையில் சோறு தின்கிறவன். ஒரு உராய்வு போதும்.

இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான்.

பெரிய வண்டியில் நாற்பது மணல் மூட்டைகளை ஏற்றியே கொண்டுவரச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. இரண்டு டன். இந்தத் தடவை நீயே ஓட்டு, நாளைக்கு ஓட்டப்போகிறவன் நீதானே என்றார். சாபிர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அண்ணாச்சி ஜன்னலில் கை வைத்து, சத்தமில்லாமல் சொன்னார்.

"கோட்டு மேலயே போலே. வெலகிறாத."

சோணைமுத்து சாவியைத் திருப்பினான். கிளட்சை விட்டு, வண்டியைக் கோட்டின் மேல் ஏற்றினான்.

சாபிர் வாய் ஓயவில்லை. இதற்கு ஸ்பிரிங் பட்டை கெட்டி, நாலு சக்கரமும் இழுக்கும், சகதியில் மாட்டவே மாட்டாது என்றான். சின்னதை வாங்கினால் இரண்டே வருஷத்தில் அழுவீர்கள் என்றான். சீக்கிரம் முடிந்தால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், ஹாதியா சாப்பிடாமல் காத்திருப்பாள், கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகிறது என்றும் சொன்னான்.

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வண்டி கனத்தில் முனகியது. கரிசல் வெடிப்புகள் சக்கரத்துக்கு அடியில் பொடிந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் சோணைமுத்து கண்ணை மூடித் திறந்தான். குலசாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

குழிக்கு முப்பது அடி. இருபது அடி.

பிரேக்கை மிதித்துவிட்டான். அண்ணாச்சி கோபப்படுவாரே என்று கண்ணாடியில் பார்த்தான். வாசலில் அவரைக் காணோம்.

தலையை வெளியே நீட்டித் தேடினான்.

கழிவு மருந்து கொளுத்தும் இடத்துக்கு எதிரே மார்பளவுக்கு ஒரு தடுப்புச் சுவர் உண்டு. கொளுத்துகிற நாளில் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து அதன் பின்னால்தான் நிற்பார்கள். மற்ற நாளில் அங்கே ஆடுகூட ஒதுங்காது.

அண்ணாச்சி அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார்.

சோணைமுத்துவுக்கு எல்லாம் புரிந்தது. இவருக்குத் தெரியும். பெத்தணன் என்றைக்கோ சொல்லியிருக்கிறான். தோண்டி எடுத்தால் விஷயம் வெளியே வந்து லைசென்ஸ் போகும். அதனால், மருந்து வெடிக்காமல் தரை எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்க முதலில் சின்ன வண்டியை விட்டார். இப்போது பெரியதை விட்டிருக்கிறார், இரண்டு உயிரையும் ஏற்றி.

ஏன் நின்றுவிட்டீர்கள் என்று சாபிர் கேட்டான். சோணைமுத்து ரிவர்ஸ் கியர் போட்டான். வந்த சக்கரத் தடத்தைவிட்டு ஒரு விரல்கூட விலகாமல் காட்டைவிட்டுப் பின்னால் வந்தான். வண்டியைத் திருப்பி, சுவரைச் சுற்றிப் போய், அண்ணாச்சிக்கு முன்னால் நிறுத்தினான். சாபிரை இறங்கச் சொல்லிவிட்டு, அவன் இறங்கிய கதவை அகலத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க அண்ணாச்சி. நீங்களும் கூட வந்து பாத்துட்டு, எந்த வண்டின்னு சொல்லுங்க."

அண்ணாச்சி காதிலிருந்து கையை எடுத்தார். திறந்த கதவைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். சோணைமுத்துவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சின்ன வண்டியே போதும்லே" என்றார். "ரோட்டு வழியாவே ஓட்டிக்கிடு."

ஏன் என்று கேட்டது சாபிர் மட்டும்தான்.