அசங்கிய முகம்

“இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்கம்மா. அன்னைக்கு இருந்த நெருக்கத்துல பாதியாவது வேணாமா?” என்றான் பத்திரிகைக்காரன், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

ரயில் நிலையத்துப் படிக்கட்டில் தையல்காரம்மா கூனிக் குறுகி நின்றாள். தலையில் புள்ளி போட்ட துணி. பக்கத்தில் நின்ற பெரியவரை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குத் துணிவு வரவில்லை.

“இந்த வயசுல வெட்கத்தைப் பாருங்க சார்” என்று அவன் பெரியவரிடம் சிரித்தான்.

வெட்கமாவது ஒன்றாவது. அது பயம்.

அவர்கள் இப்போது நின்று காட்டுவது, போர் முடிந்த நாளில் இதே படிக்கட்டில் எடுத்த ஒரு படத்தை. ரயிலை விட்டு இறங்கிய ஒரு சிப்பாயை ஒரு பெண் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். முன்பின் தெரியாதவர்கள்கூட அன்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே அந்தப் படம் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாள் வந்தால் பத்திரிகையின் முதல் பக்கத்துக்கும் வந்துவிடும்.

எடுக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. வெளிச்சம் குறைந்தால் கேமராவின் கதவு சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் அசையாதது அப்படியே பதியும், அசைந்தது இழுபட்டுப்போகும். சிப்பாய் மரம்போல நின்றுவிட்டான், அவன் தோள்பையின் கிழிந்த வார்கூடத் தெளிவாகத் தெரியும். அவளோ அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டாள். தலைத்துணியின் புள்ளிகள் கோடுகளாக நீண்டுபோயின. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல்.

அந்தத் தீற்றலுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளலாம். தையல்காரம்மா நுழைந்துகொண்டாள்.

அதுவும் திட்டம் போட்டு அல்ல. புருஷனும் போய், மகளும் கடல் தாண்டிப் போன பிறகு, மாடி அறையை வாடகைக்கு விட ஒரு விளம்பரம் கொடுக்கலாம் என்று பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். வெயிலுக்காகத் தலையில் புள்ளித் துணி. அவள் போனது, அந்தப் படம் முதல் பக்கத்தில் வரும் நாளாக அமைந்துவிட்டது. “நீங்க... அவங்களா?” என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வெகுகாலமாக யாரும் அவளை எதுவுமே கேட்டிருக்கவில்லை. “ஆமா” என்று வாயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, இந்தப் படிக்கட்டில் நிற்க வைத்துப் படம் எடுக்க, அவள் வீட்டு அழைப்புமணி அடிக்கிறது. மற்ற நாட்களில், மணி கெட்டுப்போய்விட்டதோ என்று அவளே வெளியே போய் அழுத்திப் பார்த்ததும் உண்டு.

நேற்று இந்தப் பெரியவர், ‘அந்தச் சிப்பாய் நான்தான்’ என்று தாமாகவே பத்திரிகைக்குப் போன் செய்திருக்கிறார். இன்று வார் கிழிந்த அதே பையோடு வந்து நிற்கிறார். ‘இவங்க இல்லை’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மணி இனி அடிக்கவே அடிக்காது.

“ஏன் சார், இத்தனை வருஷத்துல இவங்களைத் தேடணும்னு தோணவே இல்லையா?” என்று கேட்டான் பத்திரிகைக்காரன்.

“தேட வேண்டிய அவசியம் வரலை தம்பி” என்றார் பெரியவர்.

“என்ன மனுஷன் சார் நீங்க, ஓடி வந்து கட்டிக்கிட்டவங்களை அம்போன்னு விட்டுட்டீங்களே. சரி, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவங்கதானே?”

தையல்காரம்மா தரையைப் பார்த்தாள். பெரியவர் அவசரமில்லாமல் அவளைப் பார்த்தார்.

“இவங்கதான். சட்டுனு எடுப்பா, கால் வலிக்குது.”

படம் எடுத்த கையோடு பத்திரிகைக்காரன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். வழக்கமாக இதோடு முடிந்துவிடும். துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடப்பாள். இன்று பெரியவர் இரண்டு கோப்பை தேநீர் வாங்கி வந்து, பிளாட்பாரத்து பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாவம், மனிதருக்கு மறந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தப்பித்தாயிற்று. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்தப் பொண்ணு முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று மெல்லக் கேட்டுவிட்டாள்.

“இல்லாம என்ன. இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்.”

அவள் கை தன் புருவத்தை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. அவர் அதைக் கவனிக்காதவர்போலத் தேநீரை ஊதினார்.

“அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா?” அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஏங்க?”

“அந்தப் பொண்ணு என்கூடத்தான்மா குடும்பம் நடத்தினா” என்றார் பெரியவர். “போன மாசம் கண்ணை மூடறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போனா, ‘பாவம் அந்தம்மா, வருஷா வருஷம் பேப்பர்ல ஒத்தையாவே நிக்கிறாங்க, இந்தத் தடவை நீங்க போய்ப் பக்கத்துல நில்லுங்க’ன்னு.”