போட்டு வாறன்

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு பிள்ளை," என்று தவமலர் லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டு வாசலில் மகளை மறித்தாள். பாலைவனத்துக்குத் தனியாகப் போகவேண்டாம் என்று ஒரு மாதமாகச் சண்டை பிடித்தவள் அவள்.

லக்சிகா விட்டுக்கொடுக்கவில்லை. "போறன் அம்மா," என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

மெக்சிகோவின் எல்லை நகரமொன்றில் பஸ் ஏறினாள். இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த அந்தப் பாலை நிலத்தின் வெறிச்சோடிய கடற்கரைகளையும், பாதிரிமார் கட்டிய பழைய தேவாலயங்களையும் பார்த்தபடி தெற்கே போனாள். ஒரு தேவாலயத்தின் வாசலில் ஒரு பெண் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் விடைபெறும்போது, மாலை வகுப்பில் படித்த ஸ்பானியச் சொல் நாக்கில் வரவில்லை. பழக்கதோஷத்தில், "போட்டு வாறன்," என்றாள் லக்சிகா.

"ஓம், போட்டு வா," என்று தமிழிலேயே சொன்னாள் அந்தப் பெண்.

லண்டனுக்குத் திரும்பி வீட்டு மணியை அடித்தாள். தவமலர் கதவைத் திறந்தாள்.

"ஆர் வேணும் உங்களுக்கு?"

"பகிடி விடாதேங்கோ அம்மா. குளிருது."

"எனக்குப் பிள்ளையள் இல்லை. வீடு மாறி வந்திட்டியள் போல," என்று தவமலர் அன்பாகவே சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"இது என்ர வீடு! போட்டு வந்திட்டன், திறவுங்கோ!" லக்சிகா தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு மணியை அழுத்தினாள்.

உள்ளே யாரோ மணலைக் கூட்டும் சத்தம் கதவை நோக்கி வந்தது. அவள் மணியிலிருந்து விரலை எடுக்கவில்லை.