பதிவாளர் படியில் உட்கார்ந்தார்

தேயிலைத் தோட்ட வேலைநிறுத்தங்களை ஆராய்ந்து பேர் வாங்கிய சமூகவியல் பேராசிரியர் அமலோற்பவம், பல்கலைக்கழகப் பதிவாளர் ஆனார். மறுமாதமே அவருடைய அலுவலக வாசலில் போராட்டம். நூலகம் ஒன்பது மணி வரை திறந்திருக்க, பெண்கள் விடுதியை மட்டும் ஏழு மணிக்கே பூட்டினால் எப்படிப் படிப்பது என்று கேட்டு, மாணவிகள் படிகளை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அமலோற்பவம் இறங்கி வந்தார். கோஷம் போட்டுக்கொண்டிருந்த ரிஸ்வானா, அவரிடம் படித்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

“ஏம்மா நிறுத்திட்ட?”

“உங்களுக்கு எதிரா எப்படி மேடம்... நீங்கதானே இதெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க.”

“நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்க. கொஞ்சம் தள்ளி உட்காரு.”

சேலை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியையும் பேசவிட்டுக் கேட்டார். பாதியில் துணைவேந்தர் போனில் வந்தார். போலீசைக் கூப்பிடச் சொல்லி அவர் போட்ட சத்தம் சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

“போலீஸ் எதுக்கு சார், நம்ம பிள்ளைங்க. நான் சொல்றதைவிட அவங்களே சொன்னா உங்களுக்குப் புரியும்.”

போனை ரிஸ்வானாவிடம் நீட்டினார். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

“வணக்கம் சார்” என்றாள். அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த பதிவாளர், பேசு பேசு என்று தலையாட்டினார்.