அவர் தலைக்குள் ருக்குமணி

மூளையில் ஏன் ரத்தம் கசிந்தது என்று எந்தப் பரிசோதனையிலும் தெரியவில்லை. உறைந்த ரத்தத்தை எடுத்த கையோடு, மறுபடி கசியாமலிருக்க என் கணவரின் மண்டைக்குள் ஒரு குரலையும் வைத்துத் தைத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறினால் அது பேசும், அழுத்தம் இறங்கிவிடும்.

யார் குரல் என்பதை டாக்டர்தான் முடிவு செய்தார். மயக்கத்தில் இருந்தவரின் காதில், தெரிந்தவர்கள் பதினாறு பேரின் குரலைப் போட்டுப் பார்த்தார். என் குரலுக்கு அழுத்தம் ஏறியது. மின்வாரிய ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் ருக்குமணியின் குரலுக்கு மளமளவென்று இறங்கியது.

"இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லீங்கம்மா," என்றார் டாக்டர்.

வருத்தமா! வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்த வாரமே, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்குக் கத்தினேன். நான் கத்தக் கத்த அவர் முகம் குழைந்தது. 'ஒண்ணும் அவசரமில்லீங்க சார், மெதுவாப் பாத்துக்கலாம்' என்று அவள் சொல்லியிருப்பாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்தினால்தான் அவள் வருகிறாள். நானேதான் அவளைக் கூப்பிட்டு விடுகிறேன்.

அன்றோடு வாயை மூடினேன். மூன்று மாதமாக வீட்டில் ஒரு சத்தமில்லை.

"ஆபரேசனுக்கப்புறம் நீ தங்கமாயிட்ட கண்ணு," என்று என் மாமியாரே மெச்சினார்.

நேற்று கட்டிலில் மூன்று ஈரத்துண்டுகள் கிடந்தன. பேசாமல் எடுத்துக் காயப்போட்டேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கெஞ்சுவதுபோலக் கேட்டார்:

"ஏம்புள்ள, இப்பெல்லாம் நீ என்னையத் திட்டவே மாட்டீங்கறே?"