எட்டி வைத்த ரோஜா

துணியிலேயே பழகிய எம்பிராய்டரி மெஷின் ஊசி, முதல் வாழ்த்து அட்டையிலும் நெருக்கி நெருக்கிக் குத்தி ஒரு ரோஜா தைத்தது. ஓட்டை வரிசையில் தபால்தலை கிழிவதுபோல் ரோஜா தனியாகக் கழன்று விழுந்தது.

அடுத்து வந்த, கையால் செய்த காகித அட்டை நடுங்கியது. "அண்ணே, எனக்கும் இதே கதிதானா?"

"நெருக்கிக் குத்தினாத்தான் கெட்டியா நிக்கும். ஊசிக்கே தையல் சொல்லித் தர்றியா?"

"துணியில விழுந்த ஓட்டை மூடிக்கும். எனக்கு மூடாதுண்ணே. கொஞ்சம் எட்டி எட்டி வாங்களேன்."

ஊசி அரைமனதோடு குத்துகளை எட்டி எட்டி வைத்தது. ஒவ்வொரு குத்துக்கும் அட்டை கண்ணை மூடிக்கொண்டது. கடைசி இதழும் முடிந்தது. மெஷினை ஓட்டிய பெண் நூலை நறுக்கி, அட்டையைத் தூக்கி உதறிப் பார்த்தாள்.

ரோஜா விழவில்லை.

"அப்பாடா!" என்று ஒரு குரல் கேட்டது.

அட்டை கண்ணைத் திறந்தது. சொன்னது ஊசி.