மேற்கே பார்த்த தகடு

“அப்பா, சூரியகாந்திப் பூ மாதிரி நம்ம தகடும் வெயிலைப் பாத்துத் திரும்புமா?”

இரண்டாம் வகுப்புப் படிக்கும் நாச்சியார் கேட்டதும் சுயம்புலிங்கம் சிரித்துவிட்டார். “இரும்புக் கால்ல நிக்கிற தகடு எப்படித் தாயி திரும்பும்?”

“காலையில கிழக்க பாத்துச்சு. இப்ப மேக்க பாக்குதே!”

சிரிப்பு நின்றது. பிள்ளை சொன்னது சரிதான். கிணற்று மேட்டில் நின்ற சூரிய மின்தகடுகள் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தன. பக்கத்தில் தொட்டி தளும்பிக் கொண்டிருந்தது.

அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

அங்கே பக்கத்துப் புஞ்சைக்காரர் சோலைச்சாமி தன் ஆட்டுக்கிடாவுக்குக் குழை ஒடித்துப் போட்டுக் கொண்டிருந்தார். வரப்பில் நிற்கும் புளியமரத்தின் காய் யாருக்கு என்ற தகராறில் இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. சோலைச்சாமியின் கிணறு வற்றிவிட்டது. மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

சூரிய மோட்டார் மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. சொன்ன தேதிக்கு முந்தின நாளே கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். சுயம்புலிங்கம் ராஜபாளையம் மில்லில் வேலையில் இருந்தார். மனைவி பிரசவத்துக்குத் தளவாய்புரம் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் கொட்டிக் கொண்டிருந்தது. சுவிட்சுப் பெட்டியில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர் அதற்குச் சந்தனம் தொட்டு வைத்ததோடு சரி.

பழைய கரண்ட் மோட்டாரும் துணைக்கு இருந்தது. வெயில் இல்லாத நாளில் சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கினால் அது ஓட வேண்டும். ஆனால் கோடையில் கரண்ட் வந்தாலும் மோட்டாரை இழுக்கிற அளவுக்கு வராது. புதிதாக வைத்த அறுபது தென்னம்பிள்ளைகளும் இந்தத் தகடுகளை நம்பித்தான் நின்றன. இந்தப் பங்குனி, சித்திரையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக் கொள்ளும்.

மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்தார். தகடுகள் கிழக்கே பார்த்து நின்றன.

‘நான் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு சோலைச்சாமி பழையபடி வச்சுட்டுப் போயிருக்கான்’ என்று எண்ணினார். சாயங்காலம் மறுபடியும் மேற்கே.

“எவம்லே என் தகட்டைத் தொட்டது?” என்று பொதுவாகக் கத்தினார்.

சோலைச்சாமி நிமிரவில்லை. கிடாவைப் பார்த்துச் சொன்னார்: “எவன் கண்டான்?”

“தென்னம்பிள்ளை கருகணும்னு ஒரு கூட்டமே அலையுது!”

“கேட்டியாலே? ஒன்னையத்தான் கூட்டம்ங்காக” என்று அவர் கிடாவின் முதுகைத் தட்டினார்.

சுயம்புலிங்கம் அன்றே கடைக்குப் போய்ப் பூட்டும் சங்கிலியும் வாங்கி வந்தார். தகடுகளைக் கிழக்கே திருப்பி, இரும்புக் காலோடு சேர்த்துப் பூட்டினார். சோலைச்சாமி வரப்புவரை வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் தொட்டி பாதிக்கு இறங்கியது. ஒரு வாரத்தில் தென்னங்குருத்து வாட ஆரம்பித்தது. கைப்பிடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். கரண்ட் மோட்டார் முனகிவிட்டு நின்றது.

‘பூட்டின வயித்தெரிச்சல். வேற எங்கயோ கையை வச்சிட்டான்’ என்று அவர் மனம் கொதித்தது. கம்பெனிக்கு ஆள் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வைகுண்டராஜ் வந்தான். சங்கிலியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

“என்ன அண்ணாச்சி, சூரியனுக்கே விலங்கு போட்டிருக்கீக?”

“பக்கத்துப் புஞ்சைக்காரன் திருப்பித் திருப்பி வைக்கான் தம்பி.”

“திருப்பத்தானே அண்ணாச்சி கீல் வச்சிருக்கு! காலையில கிழக்க, உச்சியில நேரா, பொறவு மேக்க. தினம் மூணு தடவை கையால திருப்பணும். இப்பிடிப் பூட்டிப் போட்டா மத்தியானத்துக்கு மேல தண்ணி எங்கிட்டு வரும்?”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே!”

“ஒங்க அண்ணன்கிட்டச் சொன்னனே! மாட்டும்போது ஏணி பிடிச்சாரே, ஒரு கிடாவைக் கையில பிடிச்சுக்கிட்டு. ‘தம்பி ஷிப்ட்டுக்குப் போயிருக்கான், நான் பாத்துக்கிடுதேன்’னு அவியதானே சொன்னாக?”

சுயம்புலிங்கத்துக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது.

அவர் பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவிக் கீழே போட்டார்.

மறுநாள் பிரதோஷம். அவர் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டார். சோலைச்சாமி தவறாமல் மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிறவர். அவர் தலை மறைந்ததும் சுயம்புலிங்கம் தகடுகளை மேற்கே திருப்பினார். வரப்பை வெட்டி மடை திறந்தார். நந்திக்கு அபிஷேகம் நடக்கிற நேரத்தில் அந்த மிளகாய்ச் செடிகளுக்கும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் போயிற்று. கடைசிப் பாத்தியும் நிறைந்தபின் வரப்பைப் பழையபடி மூடி, மண்வெட்டியைக் கழுவி வைத்தார். பார்த்தவர் யாருமில்லை.

பொழுது சாயும் நேரம் சோலைச்சாமி நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பினார். ஈரப் புஞ்சையில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். கிடாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

“எவம்லே என் புஞ்சைக்குத் தண்ணி விட்டது?”

வரப்புக்கு இந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“எவன் கண்டான்ணே?”