பூனைமுடி

எரிந்தது.

அவன் மேலுதட்டில் அம்மா மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி மஞ்சளைக் கல்லில் இழைத்து, பால் விட்டுக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்திருந்தாள். அவன் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆடாதடி."

அம்மா வாயைத் திறந்தால் சொல்லுக்குச் சொல் வாலில் ஒரு 'டி' தொங்கும். வாடி, சாப்பிடுடி, தூங்குடி. பிரியம் வந்தாலும் டி, ஆத்திரம் வந்தாலும் டி. அவளுக்கு அவன் மகள். பெற்றவள் அப்படித்தான் நினைப்பாள், அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று பல நாள் தன்னைத்தானே சமாதானம் செய்திருக்கிறான். இன்று காலை அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்துவிடும்.

ஹார்மோன் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று போன வாரம் அவன்தான் சொன்னான். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. மேலத்தெரு வேணிக்கும் இதே தொந்தரவுதானாம். முகத்தில் முடி, மாதாமாதம் ஒழுங்கில்லை. ஒரு ஹார்மோன் டாக்டர் மாத்திரை கொடுத்தாராம். முகம் வழுவழு என்று ஆனதாம். மாப்பிள்ளை வந்தானாம். இப்போது இடுப்பில் பிள்ளை.

தானும் கூட வருகிறாளாம். உள்ளேயும் வருவாளாம்.

அவன் போவது ஆணாக மாறும் மருந்தைப் பற்றிக் கேட்க. எடுப்பதா வேண்டாமா என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை. எது மாறும், எது மாறினால் திரும்பாது என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறான். ரத்தம் கொடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. டாக்டரிடம் சொல்ல ஒரு வாக்கியமும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தயார் செய்து வைத்திருந்தான். நீளமான, மரியாதையான வாக்கியம்.

அதை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"நேத்து பூசினேன், காலையில ஒண்ணையும் காணோம். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா இன்னும் கருப்பா வந்து நிக்கும். என்ன சென்மத்துப் பூனைமுடியோ."

அது மஞ்சளுக்கு அடங்கவில்லை. அவனுடைய ரேஸருக்கு அடங்கியது. வழித்தால் கெட்டியாக வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி, தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு வழிக்கிறான். அம்மா வளரக் கூடாது என்று பூசுகிறாள், அவன் வளர வேண்டும் என்று வழிக்கிறான், இருவரும் ஒரே உதட்டில். இன்று அவசரத்தில் கீறிவிட்டது. அதில்தான் மஞ்சள் எரிந்தது.

அம்மாவுக்கு அது பூனைமுடி.

அவனுக்கு அரும்பு மீசை.

கொடியில் சுடிதார் தேய்த்துத் தொங்கியது. துப்பட்டாவும். டாக்டர் பார்த்ததும் பொம்பளைப் பிள்ளை என்று தெரிய வேண்டுமாம்.

கோபம் வந்தது. சுடிதார்மேல் வந்தது. வேணிமேல் வந்தது. கண்ணால் கூடப் பார்த்திராத வேணியின் மாப்பிள்ளைமேல் வந்தது. அம்மாவின் விரல் இவ்வளவு பதமாக இருக்கிறதே, அதன்மேலும் வந்தது. அடித்திருந்தால் திருப்பிப் பேசியிருப்பான். பூசிவிடுகிறவளிடம் என்ன பேசுவது?

எல்லாரையும்விடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறானே.

"உள்ள போயி வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதடி. இங்கயே சொல்லிப் பாரு. டாக்டர், எனக்கு ஒதட்டுக்கு மேல முடி வளருது. சொல்லு."

அவன் கூரையைப் பார்த்தான்.

"சொல்லுடி. நீ சொல்லாட்டி நான் சொல்லிருவேன்."

கண்ணாடி முன் சேர்த்து வைத்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"டாக்டர், எனக்கு மீசை வளரணும்."

விரல் நின்றது.

அம்மா அவன் வாயையே பார்த்தாள். வாய் தவறி வந்ததைத் திருத்துவதுபோல் மெல்லச் சொன்னாள்.

"வளருதுன்னு சொல்லணும்."

"வளரணும்" என்றான்.

குரல் உயரவில்லை. கை மட்டும் நாற்காலியின் கட்டையை இறுக்கியிருந்தது.

உதட்டில் மஞ்சள் ஒரு பாதிக்குத்தான் இருந்தது. அம்மா விரலைக் கிண்ணத்தில் விட்டாள். எடுத்தாள். திரும்பவும் விட்டாள். பூசவில்லை.

அவள் அழுதால் கத்துவதற்குச் சொல் வைத்திருந்தான். திட்டினால் திட்டுவதற்கும் வைத்திருந்தான். அவள் எதுவும் செய்யாமல் நின்றது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

எழுந்துபோய் முகம் கழுவினான். மஞ்சள் லேசில் போகவில்லை. தேய்த்தான். கீறலில் மறுபடி ரத்தம் கசிந்தது. சுடிதாரைத் தொடாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட் கவரை எடுத்தான்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

வெளியே வந்தபோது அம்மா அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. விரல் நுனி மஞ்சளாகவே இருந்தது.

டாக்டர் அறைக்குள் வந்து எந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறாள்?

கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் சொல்லட்டும், தன்னுடையதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அம்மா அவன் சட்டையைப் பார்த்தாள். உதட்டுக் கீறலைப் பார்த்தாள். ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"வா" என்றாள்.

அந்த 'டி' வாலும் வரட்டும் என்று ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

வரவில்லை.